நிக்கோலா நாளில் வாசிக்காத கித்தார்

எங்கள் ஊர் ஷாபாட்ஸில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, திஹோமிர் காயிச் எப்படிப்பட்ட கித்தார்காரன் என்று கேட்டுப் பாருங்கள். "திக்காவா? நல்ல மனுஷன். கைதான் கொஞ்சம் சுமார்" என்பார்கள். மீன்காரி சொல்வாள். பல் டாக்டர் சொல்வார். கித்தாருக்கும் மண்வெட்டிக்கும் வித்தியாசம் தெரியாத பாதிரியார்கூட உதட்டைப் பிதுக்குவார். இத்தனை வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் அவனோடு பேஸ் கித்தார் வாசித்தவன். பெயர் ஸ்ரேதோயே. பேஸ் வாசிக்கிறவனை மேடையில் எவனும் பார்ப்பதில்லை. அதனால் நாங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்போம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சாவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவனைப்போல் வாசித்தவன் ஒருவனும் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை என்பேன், ஆனால் அங்கே என் மைத்துனன் ஒருவன் கித்தார் வைத்துக்கொண்டிருக்கிறான், சண்டைக்கு வருவான்.

திக்கா அடக்கமான ஆள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எழுபது தாண்டியும் தலைமுடிக்குச் சாயம் பூசுகிறான். புருவத்துக்கும் பூசுகிறான். செப்டம்பர் சந்தையில் கூடாரம் போட்டுப் பாட்டு நடக்கும்போது, தெசாங்கா என்ற பாடகிக்குப் பின்னால் வெள்ளிப் பொத்தான் வைத்த தோல் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பான். வெயில் கொளுத்தினாலும் கழற்றமாட்டான். கண்ணாடி ஜன்னல் இருக்கிற கடை எதையும் திரும்பிப் பார்க்காமல் அவன் தாண்டியதே கிடையாது. தான் ஓட்டுகிற பழைய காரைப் பற்றி, தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி, தான் ஊறப்போடுகிற முட்டைக்கோசைப் பற்றி எல்லாம் பீற்றிக்கொள்வான். கித்தாரைப் பற்றி யாராவது "சுமார்" என்றால் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். ஏன் என்று எனக்குத் தெரியும்.

அவனுடைய அப்பா ராதோசாவ், ஆற்றில் மண் அள்ளும் படகில் வேலை பார்த்தவர். அந்தப் படகின் இன்ஜின் பக்கத்தில் இருபது வருஷம் நின்று காதைத் தொலைத்தவர். கத்தினால் கேட்கும். சாதாரணமாகப் பேசினால், வாயசைவைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பனும் பிள்ளையும் ஆற்றங்கரை வீட்டில் ஒருவரையொருவர் கத்திக்கொண்டே வாழ்ந்தார்கள். தெரிந்தவர்களுக்கு அது பாசம். தெரியாதவர்கள் போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள்.

திக்காவின் முதல் மின்சாரக் கித்தாரை உருவாக்கியதில் எங்கள் ஊர் தபால் இலாகாவுக்குப் பெரும்பங்கு உண்டு, அது அவர்களுக்குத் தெரியாது. ஒரு சாதாரண மரக் கித்தாரில் சத்தம் பிடிக்கும் கருவி பொருத்த வேண்டும். அந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? ரயிலடி டெலிபோன் பெட்டியில் தொங்கும் ரிசீவருக்குள் கிடைக்கும். அவன் திருகிக் கழற்றினான், நான் வெளியே காவல் நின்றேன். முதலில் கழற்றியது சரியாக வேலை செய்யவில்லை. பூங்காப் பக்கத்துப் பெட்டிக்குப் போனோம். அந்த வருஷம் ஷாபாட்ஸில் யாரும் யாருக்கும் போன் பேச முடியவில்லை. குடும்பங்கள் ஒற்றுமையாக இருந்தன. ஒலிபெருக்கிக்கு அப்பாவின் ரேடியோவையே பிரித்தான். "காது கேக்காத மனுஷனுக்கு ரேடியோ எதுக்கு?" என்றான். அவர் இரண்டு நாள் தேடிவிட்டு, அறையில் புதிதாக ஒரு நாராசம் கிளம்புவதைத் தரை அதிர்வில் கண்டுபிடித்தார். அன்று வாங்கிய அடியைத் திக்கா இன்றும் பெருமையாகத்தான் சொல்வான்.

பிறகு எங்கள் குழு வந்தது. பெயர் "துருப்பிடித்த நங்கூரம்". அவன் வைத்த பெயர். அப்பாவிடம் சொன்னபோது அவர் அதைப் படகுக்காரராகவே எடுத்துக்கொண்டார்.

"நங்கூரம் போட்டா படகு நகராது. அது துருப்பிடிச்சா நிக்கவும் நிக்காது. என்னடா பேரு இது?"

"ராக் பேருப்பா."

"என்ன பேரு?"

"ராக்."

"அதான் சொல்றேன், பாறையில முட்டும்."

திக்கா, நான், முரசு அடிக்க ஷார்கோ. மூன்று பேர்தான். மாச்வா சமவெளியில் ஒரு ஊர் விடாமல் வாசித்தோம். கன்றுகாலிகள் பயந்து ஓடின என்று ஒரு ஊரில் எங்களைத் துரத்தினார்கள். ராணுவத்தில் கட்டாயச் சேவைக்குப் போனபோது திக்காவின் முடியை மழித்து, மாசிடோனியாவில் ஒரு முகாமின் பாண்டு வாத்தியக் குழுவில் ஜால்ரா தட்ட வைத்தார்கள். அங்கிருந்து திரும்பியவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. தன் பாட்டு, தன் பெயர், தன் மூஞ்சி போட்ட அட்டையோடு ஒரு இசைத்தட்டு வரவேண்டும். கல்யாணம், வீடு, வேலை எதைப் பற்றிப் பேசினாலும் "இசைத்தட்டு வரட்டும்" என்பான். ஊரில் சில பேர் அதை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், காப்பி கிடைக்காத வருஷம், கத்தோலிக்கர்கள் ஊரான ஜாக்ரெப்பிலிருந்து ஒரு ஆள் வந்தார். கிரெஷிமிர் என்று பெயர். ஒரு இசைத்தட்டுக் கம்பெனியின் தயாரிப்பாளர். எங்கள் கேசட்டைக் கேட்டிருந்தார். பண்பாட்டு மாளிகையின் டைரக்டர் மிலிவோயேவின் அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம்.

"கேசட்டுல எவன் வேணா நல்லா வாசிப்பான்" என்றார் கிரெஷிமிர். "ஆளுங்க முன்னாடி வாசிக்கிறதைப் பாக்கணும். இந்த வருஷம் வெளியூர்க் குழு ஒண்ணே ஒண்ணுக்குத்தான் தட்டு போடப்போறோம். டிசம்பர் பத்தொம்போது, நான் பெல்கிரேடுலேர்ந்து திரும்பற வழி. மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கலாமா?"

நாங்கள் மிலிவோயேவின் முகத்தைப் பார்த்தோம்.

எங்கள் திருச்சபையின் பழைய நாள்காட்டிப்படி டிசம்பர் பத்தொன்பது புனித நிக்கோலாவின் நாள். எங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவார், மூக்கு வருவதைப்போல. அவர் நாளைத்தான் ஸ்லாவா என்போம். யாரையும் அழைக்க மாட்டோம். தெரிந்தவன் தானாக வருவான், வந்தவனைத் திருப்பி அனுப்பக்கூடாது. எங்கள் ஊரில் பெரும்பாலும் நிக்கோலாதான். மற்ற புனிதர்களை வைத்திருப்பவர்கள் அன்று வயிற்றைக் காலியாக்கிக்கொண்டு நிக்கோலா வீடுகளைச் சுற்றக் கிளம்புவார்கள். அன்றைக்குக் கச்சேரி வைப்பதும் ஆற்றுக்குள் கச்சேரி வைப்பதும் ஒன்று.

ஆனால் அதைச் சொல்வது யார்? மிலிவோயே கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கட்சிக்காரருக்குப் புனிதர் கிடையாது. அவருடைய குளியல் தொட்டியில் ஸ்லாவாவுக்கென்று கெண்டை மீனை உயிரோடு வாங்கி நீந்த விடுவது ஊருக்கே தெரியும், ஆனாலும் கிடையாது. அவர் நாள்காட்டியைப் புரட்டினார்.

"மாளிகை காலியாத்தான் இருக்கு. அன்னிக்கு ஒரு விசேஷமும் இல்லையே" என்றார். 'இல்லையே' என்று சொல்லிக்கொண்டே எங்களைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார், நீங்களாவது சொல்லுங்களேன் என்று.

திக்கா தோல் சட்டையில் இருந்தான். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, புனிதர்களை மியூசியத்தில் வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தான். ஜாக்ரெப்காரர் முன்னால், அன்று எங்கள் வீட்டில் மீன் சூப் இருக்கிறது என்று எப்படிச் சொல்வான்? ஷார்கோ தன் பூட்ஸைப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரில் ஒருவன் சொல்லிவிடுவான் என்று நான் காத்திருந்தேன்.

"சரி, பத்தொம்போது" என்றான் திக்கா.

வெளியே வந்ததும் ஷார்கோவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"என் வீட்டுப் புனிதர் ஜார்ஜ். உங்க ரெண்டு பேருக்கும்தானே நிக்கோலா?"

"கட்சிக்காரரே வாயத் தொறக்கல. நான் தொறந்து மாட்டிக்கவா?"

"விடுங்கடா" என்றான் திக்கா. "நம்ம பாட்டக் கேக்க வர்றவன் புது ஆளு. அவன் எதுக்குக் கெழவங்களோட உக்காந்து மீன் முள்ளு எடுக்கப் போறான்?"

அதை அவன் நம்பினான். எந்தப் புது ஆளும் பசியில் பழைய ஆள்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். அந்த இலையுதிர்காலத்தில்தான் படகில் ஒரு இரும்புக் கயிறு அறுந்து அவர் முழங்காலை அடித்துவிட்டிருந்தது. ஊன்றவே முடியாமல் இருந்தார். ஸ்லாவா அன்று வீட்டு ஆண் உட்காரக்கூடாது. கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை நின்றுகொண்டே ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும். இந்த வருஷம் பிள்ளை நிற்பான் என்று அவர் நினைத்திருந்தார்.

"பத்தொம்போதாந் தேதி கச்சேரிப்பா" என்று கத்தினான்.

"என்னிக்கு?"

"பத்தொம்போது."

அவர் கொஞ்சநேரம் அவன் வாயையே பார்த்தார், வேறு தேதி ஏதாவது வருமா என்று.

"ஜாக்ரெப்லேர்ந்து ஆள் வராருப்பா. தட்டு போடறதுக்கு. முடிஞ்சதும் வந்துடறேன்."

"போ. நான் நின்னுக்கறேன். எங்கப்பன் செத்ததுலேர்ந்து நான்தானே நிக்கிறேன்" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் திக்காவும் பதிலுக்குக் கத்தியிருப்பான், வீடு வீடாக இருந்திருக்கும்.

அந்த நாளும் வந்தது. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறித் தெருக்களை மூடியிருந்தது. பண்பாட்டு மாளிகையில் நாற்காலிகள் வரிசை வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும் ஆள் இருந்தது. முதல் வரிசையில், கோட்டைக் கழற்றாமல், கிரெஷிமிர். ஷார்கோவையும் காணோம். அவன் வீட்டில் அப்பாவுக்குப் பதில் அவன்தான் ஊற்றுகிறான் என்று அப்புறம் தெரிந்தது. மிலிவோயேவுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்து, "அவருக்கு நல்ல ஜுரம்ப்பா" என்றாள். ஜுரத்துக்குப் பின்னால் கோப்பைகள் உரசும் சத்தமும், முப்பது பேர் சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"ஊருல ஏதாவது தொத்து நோயா?" என்று கேட்டார் கிரெஷிமிர்.

 திக்காவின் முகம் வெந்த பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் சொன்னேன். "இன்னிக்கு நிக்கோலா."

"நிக்கோலாவா? அவர் ஆறாந் தேதியே வந்துட்டுப் போயிட்டாரே. எங்க வீட்டுப் பசங்க பூட்ஸ்ல மிட்டாய்கூடப் போட்டாரு."

"அது உங்க பக்கம். எங்க பக்கத்துக்கு அவர் நடந்து வர்றாரு."

அவர் சிரித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். பெட்ரோல் கூப்பனில் கிடைத்த காலம், இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும், வழியெல்லாம் பனி. "ஆளுங்க இல்லாம எனக்குப் பிரயோஜனம் இல்லீங்க" என்றார்.

அப்போதுதான் திக்காவுக்கு மூளை வேலை செய்தது. "ஆளுங்கதானே வேணும்? எங்க வீட்டுல இருக்காங்க. வாங்க" என்றான்.

ஆம்ப்ளிஃபயரை அவர் கார் டிக்கியில் ஏற்றினோம். போகிற வழியில் ஷார்கோ வீட்டில் ஹாரன் அடித்து, ஒரு முரசையாவது எடுத்துக்கொண்டு பின்னாலேயே வரச் சொன்னோம். திக்கா காருக்குள்ளேயே கம்பிகளை முறுக்கி சுருதிகூட்டிக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். பாவிப்பயல், ஊரே வீட்டில் இருக்கிறது, இதைவிட நல்ல மண்டபம் எங்கே கிடைக்கும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

கதவைத் திறந்ததும் மீன் சூப்பின் ஆவி முகத்தில் அடித்தது. நோன்புக் காலம் என்பதால் இறைச்சி இல்லை. அதற்கும் சேர்த்து மீனைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஸ்லாவா மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மேசையின் ஒரு கோடியில் கசாப்புக்கடைக்காரனின் மனைவி தெசாங்கா, அன்றைக்கு அவள் பாடகி என்று யாருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரியோடு புறணி பேசிக்கொண்டிருந்தாள். ராதோசாவ் மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ரக்கியா என்ற பழச்சாராயம் நிறைந்த குடுவை. இன்னொரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டத்தை விட்டால் விழுந்துவிடுவார் என்று பார்த்ததுமே தெரிந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும். அவர்கள் எழுந்து போயிருந்தால் அவர் உட்கார்ந்திருக்கலாம். எவனும் எழவில்லை. முதலில் எழுகிறவன் அவர் காலைப் பார்த்து இரக்கப்பட்டவன் ஆகிவிடுவான், அது அவருக்கு அவமானம். அதனால் அவர் மரியாதைக்காக எல்லாரும் இன்னொரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தார்கள். எங்கள் ஆட்களின் நல்ல மனசு ஆளைக் கொன்றுவிடும்.

திக்கா கித்தாரைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகப் போய் அவர் கையிலிருந்த குடுவையை வாங்கினான்.

"கச்சேரி முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுப்பா. உக்காருங்க" என்று கத்தினான். அவர் சீக்கிரம் உட்காரவேண்டும் என்பதற்காகச் சொன்னது அது, வேறொன்றும் யோசிக்கவில்லை.

அவர் உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தனக்கே கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்.

கிரெஷிமிருக்குச் சடங்குப்படி ஒரு கரண்டி வேகவைத்த கோதுமை கொடுத்தோம், அப்புறம் ரக்கியா, அப்புறம் சூப். நான் நடையில் ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தினேன். ஷார்கோ முரசோடு வந்து சேர்ந்தான். ஜனங்கள் ஆவலாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். "ஆரம்பிக்கலாமா?" என்றார் தயாரிப்பாளர்.

திக்கா குடுவையை மேசையில் வைத்துவிட்டுக் கித்தாரை எடுத்து வாரைத் தோளில் மாட்டினான். மேசையில் இரண்டு மூன்று கோப்பைகள் காலியாக இருந்தன. ராதோசாவ் மாமா அதைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார். வீட்டு ஆண் ஒருவன் நின்றாக வேண்டும், பிள்ளைக்குக் கை ஒழியவில்லை, ஆகவே அவர் இரண்டு உள்ளங்கையையும் மேசையில் ஊன்றி எழத் தொடங்கினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பாதி எழுந்திருந்தார்.

நான் பாய்ந்து குடுவையைப் பிடித்தேன். "நான் ஊத்தறேன்" என்றேன். அவர் என் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"நீ விருந்தாளி. உக்காரு. இந்த வீட்டுல ஆம்பளைங்க இன்னும் செத்துப் போகல."

திக்கா வாரைக் கழற்றினான். கித்தாரைப் பழைய இடத்தில் சாய்த்தான். வந்து குடுவையை எடுத்துக்கொண்டு அப்பாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தான். காலிக் கோப்பைகளில் ஊற்றினான்.

"ஒரே ஒரு பாட்டு வாசிங்களேன்" என்றார் கிரெஷிமிர்.

"இன்னிக்கு முடியாது. மீன் இன்னும் கொஞ்சம் போடவா?"

"நான் மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டேன். மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணியாகணும். தெரியுமில்ல?"

"தெரியும். வால்துண்டு புடிக்குமா, நடுத்துண்டா?"

நான் நடையில் நின்று எரிந்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கிழவர் அவ்வளவு நேரம் நின்றால் என்ன? அல்லது உட்கார்ந்தால்தான் என்ன, நிக்கோலா என்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாரா? அப்பனையும், பிள்ளையையும், சூப் குடித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவனையும், புனிதரையும் அன்று மனதுக்குள் திட்டினேன். எங்கள் ஊர் வசவு வழக்கப்படி, அவர்களுடைய சூரியனில் தொடங்கி அடுப்படிவரை எதையும் விடவில்லை. அழுகையும் வந்தது. ஷார்கோ முரசின்மேல் தட்டை வைத்துக்கொண்டு மீன் தின்றான்.

பிறகு தெசாங்காவுக்கு ரக்கியா ஏறி அவள் பாட ஆரம்பித்தாள். கிரெஷிமிர் கரண்டியைக் கீழே வைத்தார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? இருட்டுவதற்குள் அவர் கிளம்பிப் போனார். ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய ஸ்லாவா ரொட்டி, சட்டைப்பையில் கசாப்புக்காரன் மனைவியின் விலாசம்.

கூட்டம் கலைந்ததும் ராதோசாவ் மாமா காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஜாக்ரெப்காரர் என்னடா சொன்னாரு?"

திக்கா குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுபோனான். "கேட்டாருப்பா. மாளிகையில வாசிச்சோம். புடிக்கல."

"ஏன்?"

"வெரலு மெதுவா இருக்காம்."

நான் வாயைத் திறந்தேன். திக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.  மாமா அவன் கையை எடுத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், என்ன கோளாறு என்று இன்ஜின் பாகத்தைப் பார்ப்பதுபோல.

"பரவால்லடா. படகுல ஆள் எடுக்கறாங்க. அங்க மெதுவா செஞ்சா போதும்" என்றார்.

அடுத்த வருஷம் தெசாங்காவின் தட்டு வந்தது. கல்யாண வீடு, லாரி, ரேடியோ எங்கும் அவள்தான். அவளுக்குப் பின்னால் கித்தார் வாசிக்கத் திக்காவை அழைத்துப் போனாள், அட்டையில் பெயர் கிடையாது. ஜாக்ரெப் ஸ்டூடியோவில் அவன் கம்பி முறுக்கி இரண்டு வரி வாசித்துப் பார்த்ததைக் கேட்டு, கிரெஷிமிர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். "இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்றார். "ரக்கியா ஊத்திக்கிட்டிருந்தேன்" என்றான் திக்கா. அதற்குள் அந்த ஒரே தட்டு வேறு ஊர்ப் பையன்களுக்குப் போய்விட்டிருந்தது. ஷார்கோ வியன்னாவுக்குத் தரைக்கல் பதிக்கப் போனான். நங்கூரம் அத்தோடு முழுகியது.

அப்பாவோ ஒவ்வொரு ஸ்லாவாவிலும் நாற்காலியில் உட்கார்ந்து, ஊற்றிக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் காட்டி விருந்தாளிகளிடம் சொல்வார். "பாவம், அவனுக்குக் கை வராது. ஆனா பிள்ளை தங்கம்." காது கேட்காதவர் இரகசியம் சொல்வதாக நினைத்துக் கத்துவார். கடைக் கண்ணாடியில் முகம் பார்க்காமல் தெருவைத் தாண்டாத திக்கா அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த கோப்பைக்கு நகர்வான். முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் வால்துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எண்பத்தேழு வசந்தத்தில் மாமா படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். காற்றுக்காகத் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்திருந்தவர், என்னைக் கட்டிலோரம் உட்காரச் சொல்லி, சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஸ்ரேதோயே, முடிவெட்டறவன் ஒண்ணு சொல்றான். தெசாங்கா பாட்டுல பின்னாடி ஒரு கித்தார் வருதாம். அதைக் கேட்டா ரோமம் நிக்குதாம். அது நம்ம பையனாம்."

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு போகல. அன்னிக்கு நிக்கோலாவுல அவன் கித்தார மாட்டினான். நான் எந்திரிச்சேன். அவன் கழட்டிட்டான். நான் பாத்தேன். மூணு வருஷமா அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்." மூச்சு வாங்கினார். "மாளிகையில வாசிச்சோம்னு அவன் சொன்னது பொய்யோ? நீயும் வாசிக்கிறவன்தானே. நெசத்தைச் சொல்லிடு. அவனுக்கு வாசிக்க வருமா? என்னாலதான் கெட்டானா?"

அவர் முதுகுக்குப் பின்னால், வாசற்படியில், சூப் கிண்ணத்தோடு திக்கா வந்து நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். சாதாரணக் குரலில், அவருக்குக் கேட்காது என்று தெரிந்து, "சொல்லித் தொலைடா" என்றான். என்ன சொல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

"அவனுக்கு வாசிக்க வராது மாமா" என்றேன்.

"என்ன?"

"வாசிக்க வராது மாமா. மாளிகையில வாசிச்சோம். ஜாக்ரெப்காரர் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிட்டாரு."

ஜன்னலுக்கு வெளியே பேச்சுக்குரல் நின்றது. மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப அந்தப் பாட்டுல வர்றது?"

"அது வேற ஆளு. பெல்கிரேடுகாரன்" என்று கத்தினேன். "நம்ம திக்கா சுமார்தான். ரொம்ப சுமார்."

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. என் சட்டையை விட்டார். மண்டையைத் தலையணையில் சாய்த்து, பற்கள் இல்லாத வாயால் சிரித்தார். "அதானே. முடிவெட்டறவனுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு புருவம் மறுபடி சுருங்கியது. "கடைசியா என்னமோ சொன்னியே, அது சரியா விழல."

நான் திக்காவைப் பார்த்தேன். அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சூப் தளும்பித் தோல் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டைமேல் அவன் தூசி பட விட்டதில்லை.

"இன்னும் சத்தமாச் சொல்லு" என்றான்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கத்தினேன்.